கோப்பி கிரைண்டருக்குள் கையை விடுவதற்கு முன்

வெள்ளவத்தையில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, வறுத்த கோப்பிக் கொட்டையை வாடிக்கையாளரின் கண்முன்னே அரைத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கும் நீங்கள் என்னிடம் நான்கு விடயங்களைக் கேட்டிருந்தீர்கள். மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து வாங்கிய பழைய கிரைண்டரை எப்படிச் சுத்தம் செய்வது, அரைத்த தூளில் ஏன் காறல் மணம் வருகிறது, இரண்டு தடவை அது சுற்றாமல் வெறுமனே இரைந்துகொண்டு நின்றது ஏன், அம்மாவின் மல்லிக் கோப்பிக்கு வேண்டிய மல்லியையும் வேர்க்கொம்பையும் அதிலேயே அரைக்கலாமா என்பவை அவை. இவற்றுக்கு நடுவே, கடையில் உதவிக்கு நிற்கும் தம்பி வாய்ப்பகுதியில் அடைபட்டிருந்த தூளை விரலால் தோண்டி எடுத்ததையும் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். என் பதிலை அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் மிளகாயும் மல்லியும் கோப்பியும் அரைக்கும் மில்களின் மோட்டர் திருத்துபவராகத் தொழில் பழகி, இப்போது கொழும்பில் சில கோப்பிக் கடைகளின் இயந்திரங்களைப் பராமரித்து வருகிறேன். நான் நேரில் கண்ட விரல் காயங்கள் பெரும்பாலும், இயந்திரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கையை விட்ட நேரத்திலேயே நடந்தவை. ஓடும் இயந்திரத்துக்கு யாரும் பயப்படுவார்கள். அதன் சத்தமே கையை விலக்கி வைத்துவிடும். ஓசையின்றி நிற்கும் இயந்திரத்திடம் அந்தப் பயம் போய்விடுகிறது. மனம் அதை ஒரு பாத்திரமாக எண்ணத் தொடங்குகிறது, விரலும் உள்ளே போய்விடுகிறது.

நின்ற இயந்திரம் தானாக ஓடத் தொடங்குவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. முதலாவது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் ஒரு கடையில், அரைத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. வேலைக்கு நின்ற இளைஞர், சும்மா இருக்கும் நேரத்தில் துப்புரவாக்கிவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் ஹொப்பரை, அதாவது மேலே கொட்டை போடும் கிண்ணத்தை, கழற்றி உள்ளே பிரஷைப் போட்டு, அது எட்டாத இடத்தில் விரலையும் போட்டார். இயந்திரத்தின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நடுவிரல் நுனியும் பாதி நகமும் போயின. அது இருண்டு கிடந்த கடை, ஓசையே இல்லாத இயந்திரம், ஒரு நல்ல பிள்ளையின் சுறுசுறுப்பு. இதில் எதைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் பராமரிக்கும் ஒவ்வொரு கடையிலும் கரண்ட் போனால் முதலில் செய்ய வேண்டியது பிளக்கைக் கழற்றுவதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழியைப் பலர் அறிந்திருப்பதில்லை. மோட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதை நிறுத்துவதற்கு உள்ளே வெப்பத் தடுப்பான் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சில இயந்திரங்களில் அதை ஒரு சிறு பொத்தானை அழுத்தித்தான் மீண்டும் இயக்க முடியும். வேறு சிலவற்றில், சூடு தணிந்ததும் அது தானாகவே இணைப்பைக் கொடுத்துவிடும். இந்த இரண்டாவது வகையில், பழுதாகி நின்றதாக நீங்கள் நினைக்கும் இயந்திரம், கால் மணித்தியாலம் கழித்து, யாரும் தொடாமலேயே சுழலத் தொடங்கலாம். மூன்றாவது, எஸ்பிரசோ கடைகளில் பயன்படும் இயந்திரங்களில் கைப்பிடிக் கரண்டியை வைத்து அழுத்தினால் ஓடுகின்ற சிறு சுவிட்ச். தூள் விழும் வாயைத் துடைக்கும்போது புறங்கை அதில் பட்டால் போதும். நான்காவது, அடைப்பு. கொட்டையை அரைக்கும் இரு பற்தட்டுகளுக்கு நடுவே கல்லொன்று சிக்கி மோட்டர் திணறிக்கொண்டிருக்கும்போது கல்லை எடுத்துவிட்டால், அடக்கி வைத்திருந்த விசை முழுவதும் அந்தக் கணத்தில் விடுபடும். கல்லை எடுத்த விரல் அப்போது எங்கே இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இவற்றோடு, சுவிட்சை நிறுத்திய பிறகும் தட்டு சில விநாடிகள் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கடையில் ஒரேயொரு சட்டம் வைத்தால் போதும் என்பது என் கருத்து. ஹொப்பரில் கொட்டை போடுவதையும் தூளை எடுப்பதையும் தவிர வேறெதற்காகக் கிட்டப் போனாலும், பிளக் சுவரிலிருந்து கழன்று, கை வைப்பவரின் கண்ணெதிரே மேசைமேல் கிடக்க வேண்டும். சுவர் சுவிட்சை நிறுத்துவது போதாது. கடையில் இருவர் வேலை செய்யும்போது, வேறொரு தேவைக்காக மற்றவர் அந்தச் சுவிட்சைப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். போதாததற்கு, கொழும்பின் பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்ச் உயிர்க்கம்பியில் இருக்க வேண்டியது நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன்; அப்படியான இடத்தில் சுவிட்சை நிறுத்தினால் மோட்டர் நிற்கும், ஆனால் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மேசைமேல் கிடக்கும் பிளக்கை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

பிளக்கைப் பற்றிப் பேசும்போதே மின் விடயத்தையும் முடித்துவிடுகிறேன். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; சதுர முள் கொண்ட 13 ஆம்பியர் பிளக்தான் இப்போது நாட்டின் தரம். உங்களுடைய இயந்திரம் ஐரோப்பாவில் தயாரானது என்றால் அதன் வயரில் இரண்டு உருண்டை முட்களுள்ள பிளக் இருக்கக்கூடும். பேனாவையோ டெஸ்டரையோ சொக்கட்டின் மேல் துளைக்குள் விட்டு மூடியைத் திறந்து, அந்த இரண்டு முட்களையும் கீழே திணிக்கும் வித்தை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஐரோப்பிய பிளக்கின் எர்த் தொடர்பு அதன் பக்கவாட்டில் உள்ள தகட்டில் இருக்கிறது, நமது சொக்கட்டிலோ அதைத் தொடுவதற்கு எதுவும் இல்லை. எனவே இயந்திரம் நன்றாக ஓடும், எர்த் மட்டும் இருக்காது. உலோக உடல் கொண்ட கிரைண்டரில் வயரின் காப்பு எங்கோ உரசிப் பழுதானால், இயந்திரத்தைத் தொட்டு நிற்பவர்தான் எர்த் ஆவார். முறையான மூன்று முள் பிளக்கை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் பியூஸ் தயாரிப்பாளர் சொன்ன அளவிலா என்றும் பாருங்கள். கடையில் வாங்கும் பிளக் அநேகமாக 13 ஆம்பியர் பியூசோடு வரும், மெல்லிய வயருக்கு அது அதிகம். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விடயம், நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெள்ளவத்தையில் இருப்பதால் சொல்கிறேன். டொரொண்டோவிலிருந்து வரும் உறவினர் ஆசையாகக் கொண்டுவரும் கிரைண்டர் 120 வோல்ட், 60 ஹேர்ட்சுக்குச் செய்யப்பட்டது. அதை நேரே செருகினால் புகைதான் மிச்சம். டிரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் குறையுமேயன்றி ஹேர்ட்ஸ் மாறாது. காபன் பிரஷ் உள்ள சிறு மோட்டர்களுக்கு அது பெரிய தொல்லையல்ல. கடைகளில் ஓடும் பெரிய கிரைண்டர்களின் இண்டக்சன் மோட்டரோ இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், அதோடு வழக்கத்தைவிடச் சூடாகும். கடைக்கு அந்த வகையை வைக்காதீர்கள்.

இனி உங்கள் இயந்திரம் சுற்றாமல் இரைந்ததற்கு வருகிறேன். மோட்டருக்கு மின்சாரம் வருகிறது, சுழல முடியவில்லை என்பதுதான் அந்த இரைச்சலின் பொருள். அந்த நிலையில் மோட்டரின் கம்பிச் சுருள் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், அது முழுவதும் சூடாக மாறும். 'கொஞ்சம் பொறுத்தால் பிடித்துக்கொள்ளும்' என்று காத்திருக்கும் அரை நிமிடத்தில் சுருளின் வார்னிஷ் கருகத் தொடங்கிவிடும். கருகிய மணத்தை ஒரு தடவை மணந்தவர்கள் மறக்க மாட்டார்கள், அதற்குப் பின் வரும் சுருள் கட்டும் கூலியையும் மறக்க மாட்டார்கள். எனவே இரைந்தால் உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

காரணங்கள் பொதுவாக மூன்று. கொட்டைகளுக்கு நடுவே கல்லோ ஆணியோ சிக்கியிருக்கலாம். தட்டுகள் அளவுக்கு மீறி நெருக்கப்பட்டிருக்கலாம். அல்லது ஒற்றை அவத்தை மோட்டருக்குத் தொடக்க உதைப்பைக் கொடுக்கும் கப்பாசிற்றர் பலவீனமாகியிருக்கலாம். முன்னைய உணவகத்தில் பல வருடங்கள் ஓடிய இயந்திரம் என்பதால் மூன்றாவதையும் நான் சந்தேகிப்பேன். ஹொப்பரில் ஒரு கொட்டையும் இல்லாமல், தட்டுகளைத் தளர்த்திவிட்ட பிறகும் அது இரைந்துகொண்டே நின்றால் சந்தேகம் பெரும்பாலும் உறுதியாகும். அதைத் திருத்துவதற்காக நீங்கள் அடிமூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றர் மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். பாதுகாப்பாக இறக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், புதியதைப் போட அதிக நேரம் பிடிக்காது.

நெருக்கம் பற்றிய தவறு அநேகமாக இப்படித்தான் நடக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் மாப்போல நைசாக வேண்டும் என்கிறார். நிற்கும் இயந்திரத்தில், தட்டுகளின் இடைவெளியை மாற்றும் வளையத்தை நைஸ் பக்கமாகத் திருப்புகிறீர்கள். ஏற்கெனவே தட்டுகளுக்கு நடுவே பாதி உடைந்த கொட்டைகள் இருக்கின்றன. திருப்பும்போது அவை நசுங்கி ஆப்புப் போல இறுகுகின்றன. சுவிட்சைப் போட்டால் மோட்டர் அந்த ஆப்பை உடைத்துக்கொண்டு எழும்ப முடியாமல் இரைகிறது. நைசாக்கும்போது மோட்டர் வெறுமையாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வளையத்தைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்; பரும்பக்கம் போவதற்கு மட்டும் நின்றபடியே திருப்பலாம். தட்டோடு தட்டு உரசும் கீச்சென்ற உலோகச் சத்தம் கேட்டால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள், உடனே சற்றுத் திரும்பி வாருங்கள்.

கல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது மலைநாட்டு வீட்டுத்தோட்டங்களிலிருந்து வரும் கொட்டை பல இடங்களில் முற்றத்து நிலத்தில் பரப்பிக் காயவைக்கப்படுகிறது. அள்ளும்போது சிறு கற்களும் சேர்ந்து வரும். வறுத்த பிறகு அவையும் கொட்டையின் நிறத்துக்கு வந்துவிடுவதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வறுத்த கொட்டை கொழும்புக்கு வந்து சேர்ந்ததும் ஒரு சுளகில் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பி, சுளகை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வறுத்த கொட்டை பொரிபோல இலேசானது, எழும்பி உருளும். கல் எழும்பாமல் அடியிலேயே அசைந்து கிடக்கும். மூங்கில் நாரில் கல் உரசும் சத்தமும் வேறு மாதிரி இருக்கும், இரண்டு நாளில் காது பழகிவிடும். என் ஆச்சி அரிசியில் கல் பொறுக்கிய அதே வேலைதான் இது. உருக்குத் தட்டில் ஒரு பல் முறிந்தால் புதிய சோடி வாங்க வேண்டிவரும். முறிந்த அந்தத் துண்டு யாருடைய கோப்பியில் போகும் என்பது அதைவிடக் கவலைக்குரியது. ஹொப்பரின் கழுத்தில் ஆணி, கம்பித்துண்டு பிடிப்பதற்குக் காந்தம் வைத்திருப்பார்கள், உங்களுடையதில் இருந்தால் அதையும் துடைத்து வையுங்கள். ஆனால் கல்லைக் காந்தம் பிடிக்காது.

சிக்கியதை எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கைக் கழற்றி, ஹொப்பரின் அடித்தகட்டை மூடி, ஹொப்பரைத் தூக்கி எடுங்கள். வளையத்தைப் பரும்பக்கமாகத் திருப்பித் தட்டுகளை விலக்குங்கள். பாதி அடைப்பு அதிலேயே விட்டுவிடும். மேலே கிடக்கும் கொட்டைகளைத் தூசு உறிஞ்சியால் எடுங்கள், அது இல்லாவிட்டால் மரக் கரண்டிக் காம்பாலும் காய்ந்த பிரஷாலும் எடுங்கள். தட்டை விரலால் சுற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தட்டின் விளிம்பு நின்ற நிலையிலும் சவர அலகுபோல வெட்டும். உங்கள் தம்பிக்கு நல்லதொரு நீண்ட பிரஷ் வாங்கிக் கொடுத்து இயந்திரத்தின் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். விரல் உள்ளே போவதற்கு முக்கிய காரணம் பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததுதான்.

காறல் மணத்துக்குக் காரணம் பழைய எண்ணெய். கோப்பிக் கொட்டையில் இயல்பாகவே எண்ணெய் இருக்கிறது. கடுமையாக வறுத்தால் அது கொட்டையின் மேற்பரப்புக்கு வந்து பளபளக்கும். தட்டின் பள்ளங்களிலும் தூள் வழுகி விழும் குழாயிலும் அந்த எண்ணெய் பூசுபட்டு, நுண்தூளைப் பிடித்துவைத்து, காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. திறந்துவைத்த போத்தலில் மாதக்கணக்காகக் கிடந்த தேங்காயெண்ணெயின் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் கடைசி நாளில் அரைத்த தூள் இன்னும் உங்கள் இயந்திரத்துக்குள் இருக்கிறது என்பதே என் ஊகம். எவ்வளவு நல்ல கொட்டையை மேலே போட்டாலும் அது அந்தப் பழையதைத் தடவிக்கொண்டுதான் வெளியே வரும். இந்தப் படிவு கெட்ட மணத்தோடு நிற்பதில்லை. குழாய் குறுகுகிறது, தூள் திரும்பித் தட்டில் மோதுகிறது, மோட்டர் திணறுகிறது, யாரோ விரலை விட்டுத் தோண்டுகிறார்கள். துப்புரவும் பாதுகாப்பும் இரண்டு தனி வேலைகள் என்று நினைத்தால் இரண்டுமே தவறிப்போகும்.

முதல் தடவை முழுமையாகத் திறந்து துப்புரவாக்க வேண்டும். பிளக் மேசைமேல் இருக்கட்டும். வளையம் இப்போது நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கைபேசியில் படமும் எடுத்துவைத்து, பிறகு வளையத்தை முழுவதுமாகச் சுழற்றிக் கழற்றுங்கள். மேல்தட்டு அதோடு வந்துவிடும். இரு தட்டுகளையும் பள்ளம் பள்ளமாகக் காய்ந்த கடினப் பிரஷால் தேய்த்து, பள்ளத்தின் மூலையில் கறுத்து இறுகிக் கிடப்பதை ஈர்க்குக் குச்சியால் கிளறி எடுங்கள். ஈர்க்கு முறியுமேயன்றி உருக்கைக் கீறாது. குழாயையும் அப்படியே செய்யுங்கள். திருகாணிகளைக் கழற்றினால் அவை எந்தத் துளைக்குரியவை என்பது கலந்துவிடாமல் ஒரு தட்டத்தில் அதே ஒழுங்கில் வையுங்கள். நடுவில் உள்ள நட்டு சில இயந்திரங்களில் எதிர்த்திசைப் புரியுடையது. இறுக்கம் என்று நினைத்துப் பலம் போட்டு அதை முறித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்பப் பூட்டும்போது அவசரப்படாதீர்கள். வளையத்தின் திருகுபுரியில் ஒரு துகள் தூள்கூட இருக்கக்கூடாது. காய்ந்த துணியின் விளிம்பைப் புரிக்குள் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றித் துடையுங்கள். வளையத்தை உள்ளே மட்டமாக வைத்து, முதலில் தளர்த்தும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டொக்' என்று மெல்லியதாக ஒரு படி இறங்கும். புரியின் வாயும் வாயும் சந்தித்த இடம் அது. அங்கிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் இரண்டு விரல்களின் பலத்திலேயே போகும். போகவில்லை என்றால் புரி மாறி ஏறுகிறது என்று பொருள், உடனே திரும்பி வாருங்கள். பித்தளையில் அல்லது அலுமினியத்தில் வெட்டிய புரி ஒரு தடவை சிதைந்தால் அந்த உடலையே மாற்ற வேண்டிவரும்.

தண்ணீர் மட்டும் வேண்டாம். கொழும்பின் காற்றில் எந்நாளும் ஈரம் அதிகம். உங்கள் கடை கடலுக்கு இவ்வளவு கிட்ட இருப்பதால் உப்பும் சேர்ந்திருக்கும். கழுவிய உருக்குத் தட்டில் மறுநாள் காலையே செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். ஹொப்பரை மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் சிறிது சவர்க்காரத்திலும் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு பூட்டலாம். தின்னர், ஸ்பிரிட் போன்றவை பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும். பச்சை அரிசியைப் போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வறுத்த கொட்டை நொறுங்கும் தன்மையுடையது, அரிசி அதைவிட மிகக் கடினமானது. தட்டுக்கும் மோட்டருக்கும் அது வீண் சுமை, பின்னால் விடும் மாவும் ஈரத்தில் பசையாகும். கிரைண்டருக்கென்று தானியத்தால் செய்யப்பட்ட துப்புரவு வில்லைகள் விற்கிறார்கள், அவற்றைப் பயன்படுத்திய பின் சிறிதளவு கொட்டையை அரைத்து வீசிவிட வேண்டும். முதல் துப்புரவுக்குப் பிறகு, நாள் முடிவில் ஹொப்பரைத் துடைத்து, கிழமைக்கு ஒரு தடவை வாயையும் குழாயையும் பிரஷ் போட்டு, மாதம் ஒரு தடவை வளையத்தைத் திறந்தால் உங்கள் அளவு வியாபாரத்துக்குப் போதும். மோட்டரின் காற்றுத் துவாரங்களில் கோப்பித் தவிடு போர்வைபோலப் படிந்திருக்கும். அதையும் தூசு உறிஞ்சியால் எடுத்துவிடுங்கள். மூச்சுவிட முடியாத மோட்டர்தான் முன்சொன்ன வெப்பத் தடுப்பானை அடிக்கடி விழ வைக்கிறது.

அரைக்கும் அறையின் காற்றைப் பற்றியும் ஒரு பேச்சு. கோப்பித்தூள் என்றால் மணமான பண்டம் என்றுதான் நினைக்கிறோம். வறுத்த கொட்டைக்குள் காபனீரொட்சைட்டோடு, நிறமும் மணமும் அற்ற நஞ்சான காபனோரொட்சைட்டும் அடைபட்டிருக்கிறது, அரைக்கும்போது அது விரைவாக வெளியேறுகிறது. டெக்சஸ் மாநிலத்தில் கோப்பி பதப்படுத்தும் நிலையம் ஒன்றின் தொழிலாளர்களுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் மீளாதபடி அடைபடும் நோய் வந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2013 இல் வெளியிட்டது. அங்கே கோப்பிக்குச் செயற்கை மணமூட்டிகளைச் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நோயோடு தொடர்புபடுத்தப்படும் டையசிட்டைல் வறுத்த கோப்பியில் இயல்பாகவும் உண்டாகிறது. நாளுக்கு இரண்டு மூன்று கிலோ அரைக்கும் உங்கள் முன்னறைக்கு இதை நினைத்து நடுங்கத் தேவையில்லை. யன்னலைத் திறந்து வையுங்கள், அரைத்த தூள் நிரம்பிய வாளிக்குள் முகத்தை வைத்து மணக்காதீர்கள், மில்லில் பெருந்தொகை அரைத்து எடுக்கும் நாளில் தம்பிக்கு ஒரு நல்ல முகக்கவசம் கொடுங்கள். சுடச்சுட வறுத்ததை ஒருபோதும் அரைக்க வேண்டாம். நடுவில் கனன்றுகொண்டிருக்கும் ஒரு கொட்டை தூளுக்குள் போய்ப் புகையத் தொடங்கினால் வெளியே தெரிய நேரமெடுக்கும்.

வீட்டில் எல்லோரும் கிரைண்டர் என்று சொல்லும் அலகு சுழலும் சாடி இயந்திரத்துக்குச் சட்டம் சற்று வேறு. அதன் மோட்டர் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல. அடியில் உள்ள தகட்டில் 'KB 1 min' என்பதுபோல இரண்டு எழுத்தும் நிமிடக் கணக்கும் இருந்தால், ஒரே ஓட்டத்தில் அதற்கு மேல் ஓட்டக்கூடாது, பிறகு ஆற விட வேண்டும் என்று அர்த்தம். கோப்பிக்கு அதில் சில விநாடிகள் விட்டுவிட்டு ஓட்டுவதே நல்லது, தூளும் சுடாது. மூடி திறந்தால் நிற்கும்படி வைத்திருக்கும் சிறு தடுப்பைத் தீக்குச்சி செருகி ஏமாற்றிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படியான இயந்திரத்தைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்ததும் உண்டு.

சேலைத் தலைப்பு, துப்பட்டா, நீண்ட தலைமுடி, கழுத்துச் சங்கிலி ஆகியவை தட்டு மில்லின் பட்டியோடு சிக்கினால் இழுத்துக்கொண்டு போகும் என்பதை மில்லுக்குப் போகிற எவருக்கும் சொல்லிவையுங்கள். காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியை வைத்து இறுக்கி அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்தபடி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. விரல் துண்டு தனியாகப் போயிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். துண்டை நேரே ஐஸ்மேல் வைத்தால் அது கெட்டுவிடும்.

அம்மாவின் மல்லிக்கு வருகிறேன். வறுத்த மல்லியை இந்த இயந்திரம் அரைக்கும்தான், ஆனால் அதன் எண்ணெயும் உமியும் பள்ளங்களில் தங்கி, அடுத்து வரும் பத்து வாடிக்கையாளரின் கோப்பியிலும் மல்லி மணக்கும். வேர்க்கொம்பு வேறு கதை. அது நார், நொறுங்காமல் நூல்நூலாகப் பிரிந்து தட்டின் நடுத்தண்டில் சுற்றிக்கொள்ளும். உங்கள் இயந்திரம் மறுபடியும் இரைந்து நிற்பதற்கு அது ஒன்றே போதும். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, ஏலக்காய் எல்லாவற்றையும் வீட்டுச் சாடியில் தனியாக அரைத்து நைசாகச் சலித்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கொம்பை மட்டும் முதலில் உரலில் போட்டு இடித்துவிட வேண்டும். கோப்பியை உங்கள் கிரைண்டரில் அரைத்து, அம்மா சொல்லும் அளவில் கரண்டியால் கலந்தால் சுவையில் ஒரு குறையும் இருக்காது. இப்படிச் செய்தால் மழை நாளில் தடிமனுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேர்க்கொம்பு வேண்டும் என்று கேட்பவருக்கும் அந்த நேரத்திலேயே கலந்து கொடுக்கலாம்.